நிரலுக்குள் காது வைத்துக் கேட்டவர்

கடந்த செமஸ்டரில் ஓர் இரவு, மறுநாள் காலை ஒப்படைக்க வேண்டிய இடுபணிக்கான நிரலை என் மடிக்கணினியில் ஓடவிட்டேன். சின்ன நிரல்தான். ஒரு கோப்பிலிருந்து எண்களைப் படித்து, வரிசைப்படுத்தி, கடைசியில் ஒரே ஒரு விடையைக் காட்ட வேண்டும். பதினோரு மணிக்கு ஓடத் தொடங்கியது. பன்னிரண்டு மணிக்கும் திரையில் ஒன்றும் வரவில்லை. ஒரு மணிக்கும் வரவில்லை. துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் லோரிகளின் சத்தம் பண்டமாரானில் எங்கள் வீட்டு ஜன்னல் வரை கேட்டது. உள்ளே கணினியின் விசிறிச் சத்தம் மட்டும்தான். என் நிரல் உண்மையில் வேலை செய்கிறதா, இல்லை செக்கு மாடு போல ஒரே இடத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறதா? இன்னும் பத்து நிமிடம் பொறுத்தால் விடை வருமா, பத்து வருடம் பொறுத்தாலும் வராதா?

கணினி படிக்கும் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். நிரலை நிறுத்தினேன். அதன் நடுவே ஆங்காங்கே பிரிண்ட் வரிகளைச் செருகினேன். எந்த இடத்தைத் தாண்டிவிட்டது, எண்ணியின் மதிப்பு இப்போது எவ்வளவு என்று நிரலே எனக்குச் சொல்லிக்கொண்டு போகட்டும் என்பது திட்டம். மூன்றாவது ஓட்டத்தில் விஷயம் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று கூட வேண்டிய எண்ணி, நான் தவறாக எழுதிய ஒரு நிபந்தனைக்குள் மாட்டிக்கொண்டு கூடவே இல்லை.

இப்படி நிரலுக்குள்ளேயே அளவிகளைப் பொருத்தி, அது ஓடும்போது என்ன செய்கிறது என்று கண்காணிப்பது இன்று ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது. வங்கிச் செயலி, விமான முன்பதிவு, உணவு விநியோகம் என எதை எடுத்தாலும், அதன் நிரலுக்குள் நமக்குத் தெரியாத கண்காணிப்பு வரிகள் நிறைய இருக்கின்றன. எந்தப் பகுதி எத்தனை மில்லி வினாடி எடுத்தது, எங்கே தடுக்கி விழுந்தது என்று அவை பதிவு செய்துகொண்டே இருக்கும். அந்த இரவு என்னைத் தூங்கவிடாத கேள்வியை, உலகில் ஒரு கணினிகூட இல்லாத காலத்தில் கேட்டு விடையும் சொன்னவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அவர் ஆலன் டூரிங். போர்க்காலத்தில் ஜெர்மானியரின் ரகசியக் குறியீட்டை உடைத்தவர் என்று பலருக்கு அவரைத் தெரியும். நிரல்களைச் சரிபார்ப்பதிலும் கண்காணிப்பதிலும் அவர் விட்டுச் சென்றவை அவ்வளவு பேசப்படுவதில்லை.

முதலில் நமக்கு நெருக்கமான ஒரு செய்தி. டூரிங்கின் அம்மா எதெல் சாரா ஸ்டோனி பிறந்தது கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில், 1881-இல். எதெலின் தந்தை எட்வர்ட் வாலர் ஸ்டோனி மெட்ராஸ் ரயில்வேயின் தலைமைப் பொறியாளர். டூரிங்கின் அப்பா ஜூலியஸ், இந்திய சிவில் சர்விஸ் அதிகாரி. ஆக்ஸ்ஃபோர்டில் பயிற்சி ஆண்டில் அவர் படித்த பாடங்களில் தமிழும் ஒன்று. 1896 டிசம்பரில் சென்னையில் வந்து இறங்கி, மெட்ராஸ் மாகாணத்தின் பல மாவட்டங்களில் வேலை பார்த்தார். இருவரும் 1907-இல் ஒரு கப்பல் பயணத்தில் சந்தித்து, அதே ஆண்டில் திருமணம் செய்துகொண்டார்கள். மூத்த மகன் ஜான் பிறந்தது நீலகிரிக் குன்னூரில்.

ஏறக்குறைய அதே காலத்தில்தான் அதே மெட்ராஸ் மாகாணத்திலிருந்து நம் முன்னோர்களும் கப்பல் ஏறினார்கள். அவர்களில் பலர் வந்து இறங்கிய போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம், அதாவது இன்றைய போர்ட் கிள்ளான், திறக்கப்பட்டது 1901-இல். அதிகாரி ஏறிய கப்பலும் தோட்டத்துக்கு வந்தவர் ஏறிய கப்பலும் ஒன்றல்ல என்பது தெரியும். இருந்தாலும், இதைப் படித்தபோது டூரிங் எனக்குக் கொஞ்சம் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி ஆகிவிட்டார்.

ஆலன் பிறந்தது லண்டனில், 1912 ஜூன் 23-இல். இந்தியாவின் வெயில் பிள்ளைகளுக்கு ஆகாது என்று கருதிய பெற்றோர், இரு மகன்களையும் இங்கிலாந்தின் கடலோர ஊர் ஒன்றில், ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரி ஒருவரின் குடும்பத்தில் விட்டுவிட்டு மெட்ராஸ் மாகாணத்துக்குத் திரும்பினார்கள். அப்போது ஆலனுக்கு இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. பெற்றோரைப் பார்ப்பது விடுமுறைக்கு வரும் விருந்தாளிகளைப் பார்ப்பது போலத்தான். அப்பா வேலையை விட்டுத் திரும்பி வந்தபோது பையனுக்குப் பதின்மூன்று பதினான்கு வயது.

1926-இல் ஷெர்போர்ன் பள்ளியில் சேரப் போன நாளில், நாடு முழுவதும் பொது வேலைநிறுத்தம். ரயில் இல்லை. சௌதாம்டனில் கப்பலை விட்டு இறங்கிய பையன், தன் சைக்கிளிலேயே ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் ஓட்டி, வழியில் ஓர் இரவு தங்கி, பள்ளிக்கு வந்து சேர்ந்தான். அந்தப் பள்ளி இலக்கியத்துக்கும் லத்தீனுக்கும் கொடுத்த மரியாதையை அறிவியலுக்குக் கொடுக்கவில்லை. அவனுடைய கையெழுத்தைப் பற்றி ஆசிரியர்கள் குறைப்பட்டுக்கொண்டே இருந்தார்கள். அங்கே அவனுக்குக் கிடைத்த ஒரே நெருங்கிய துணை கிறிஸ்டோஃபர் மார்கம் என்ற மாணவன். இருவரும் வானியல், கணிதம், வேதியியல் என்று பேசிப் பேசி வளர்ந்தார்கள். 1930 பிப்ரவரியில் மார்கம் காசநோயால் இறந்துபோனான். மனம் என்பது என்ன, அது உடலோடு எப்படி ஒட்டியிருக்கிறது என்ற கேள்வி டூரிங்கைப் பிடித்துக்கொண்டது அப்போதுதான் என்று அவருடைய வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள்.

1931-இல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி. 1935-இல், 22 வயதில், அதே கல்லூரியின் ஆய்வாளர் பதவி. அடுத்த ஆண்டு அந்தக் கட்டுரை.

அக்காலத்துக் கணித அறிஞர்களிடம் ஒரு பெரிய கேள்வி இருந்தது. எந்தக் கணிதக் கூற்றைக் கொடுத்தாலும், அது நிரூபிக்கக்கூடியதா இல்லையா என்று இயந்திரத்தனமாகச் சொல்லிவிடும் ஒரு வழிமுறை உண்டா? இயந்திரத்தனம் என்றால் என்ன என்று முதலில் தெரிந்தால்தானே இதற்குப் பதில் சொல்ல முடியும்? டூரிங் அங்கிருந்துதான் தொடங்கினார். காகிதமும் பென்சிலும் வைத்துக் கணக்குப் போடும் ஒரு மனிதன் என்ன செய்கிறான்? ஒரு கட்டத்தில் உள்ள குறியைப் பார்க்கிறான், அதை அழிக்கிறான் அல்லது மாற்றி எழுதுகிறான், பக்கத்துக் கட்டத்துக்குப் போகிறான், அடுத்து எந்த விதியைப் பின்பற்ற வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொள்கிறான். அவ்வளவுதான். இதையே செய்யும் ஒரு கற்பனை இயந்திரத்தை அவர் காகிதத்தில் அமைத்தார். கட்டம் கட்டமான ஒரு நீண்ட நாடா, அதைப் படிக்கும் ஒரு தலை, ஓர் அட்டவணை நிறைய விதிகள்.

அதோடு நிற்கவில்லை. ஓர் இயந்திரத்தின் விதி அட்டவணையையே குறிகளாக மாற்றி இன்னோர் இயந்திரத்தின் நாடாவில் எழுதிவிடலாம் என்று காட்டினார். அந்த இரண்டாவது இயந்திரம் முதலாவதின் வர்ணனையைப் படித்து, அது செய்வதையெல்லாம் அப்படியே நடித்துக் காட்டும். இதுதான் பொது இயந்திரம். நீங்கள் கையில் வைத்திருக்கும் கைப்பேசி ஒரு நேரம் கணக்குப் பொறியாகவும் ஒரு நேரம் கேமராவாகவும் இருப்பதற்கு அடிப்படை இதுதான். இந்த நடித்துக் காட்டும் யோசனையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 15 ஆண்டுகள் கழித்து அது மீண்டும் வரும்.

அதே கட்டுரையில் இன்னொரு முடிவும் இருந்தது. நம் காலத்து மொழியில் சொன்னால், எந்த நிரலைக் கொடுத்தாலும் அது எப்போதாவது நிற்குமா, நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்குமா என்று தவறாமல் தீர்ப்புச் சொல்லும் நடுவர் நிரல் ஒன்றை எழுத முடியாது. ஏன் என்று பார்ப்போம். அப்படி ஒரு நடுவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நான் வேண்டுமென்றே ஒரு குறும்புக்கார நிரலை எழுதுகிறேன். அது முதலில் நடுவரிடம் போய்த் தன்னைப் பற்றியே கேட்கும். நிற்கும் என்று நடுவர் சொன்னால், முடிவில்லாமல் சுற்றும். சுற்றும் என்று சொன்னால், உடனே நின்றுவிடும். நடுவர் எதைச் சொன்னாலும் பொய்யாகிவிடும். ஆகவே அப்படிப்பட்ட நடுவர் இருக்கவே முடியாது. டூரிங் தம் கட்டுரையில் இதை வேறு வடிவத்தில், வேறு சொற்களில் வைத்தார். நிற்றல் சிக்கல் என்ற பெயர் பின்னால் வந்தது. இதை எழுதியபோது அவருக்கு 24 வயது நிரம்பியிருக்கவில்லை.

நள்ளிரவில் என் நிரல் நிற்குமா என்று கேட்டேனே, அதற்கு எல்லா நிரல்களுக்கும் பொருந்தும் ஒரே மருந்து கிடையாது என்பது 1936-லேயே முடிவாகிவிட்டது. ஆனால் இதைத் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. குறிப்பிட்ட ஒரு நிரலைப் பற்றி ஒன்றுமே சொல்ல முடியாது என்று அவர் சொல்லவில்லை. அந்த ஒரு நிரலை எடுத்து வைத்து, யோசித்து, உள்ளே பார்த்து, அது நிற்கும் என்று நிரூபிக்க முடியும். அதை எப்படிச் செய்வது என்று காட்டியவரும் பிறகு அவரேதான்.

இடையில் பிரின்ஸ்டனில் இரண்டு ஆண்டுகள், 1938-இல் முனைவர் பட்டம், அப்புறம் போர். பிரிட்டன் போர் அறிவித்த மறுநாள், 1939 செப்டம்பர் 4-இல், அவர் பிளெட்ச்லி பார்க் என்ற ரகசிய நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தார். எனிக்மா கதையை நீங்கள் திரைப்படத்தில் பார்த்திருப்பீர்கள். அதை இங்கே விரிக்கப் போவதில்லை. போலந்துக் கணித வல்லுநர்கள் மூவர், ரெயெவ்ஸ்கி, ருஜித்ஸ்கி, சிகால்ஸ்கி, டூரிங்குக்கு முன்பே பாதை போட்டுக் கொடுத்தார்கள் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் திரைப்படங்கள் அவர்களை மறந்துவிடுகின்றன. டூரிங் வடிவமைத்த பாம் என்ற இயந்திரம் 1940-இல் வேலையைத் தொடங்கியது. ஒத்துவராத அமைப்புகளையெல்லாம் தள்ளிக்கொண்டே போய், ஒத்துவரக்கூடிய ஒன்று அகப்பட்டதும் அது நின்றுவிடும். அந்த நிறுத்தத்தைக் குறித்துக்கொண்டு, மனிதர்கள் தனியாகச் சரிபார்ப்பார்கள்.

பிளெட்ச்லியில் அவரைப் பற்றிச் சொல்லப்படும் ஒரு சைக்கிள் கதை, நம் தலைப்புக்கு மிகவும் பொருத்தமானது. அவருடைய சைக்கிள் சங்கிலி அடிக்கடி கழன்று விழும். வேறு யாராக இருந்தாலும் கடையில் கொண்டு போய்க் கொடுத்திருப்பார்கள். அவர் மிதிக்கும் சுற்றுகளை எண்ணத் தொடங்கினார். குறிப்பிட்ட எண்ணிக்கைச் சுற்றுக்கு ஒருமுறைதான் கழல்கிறது என்று கண்டுபிடித்தார். அதன் பிறகு எண்ணிக்கொண்டே ஓட்டி, கழலப் போகும் நேரத்தில் இறங்கிச் சரிசெய்துவிட்டு மறுபடி ஏறுவாராம். சக்கரத்தின் ஆரங்கள், சங்கிலியின் கண்ணிகள், பற்சக்கரத்தின் பற்கள் ஆகிய மூன்றின் எண்ணிக்கையையும் வைத்துக் கணக்குப் போட்டு, வளைந்த ஓர் ஆரம் ஒரு குறிப்பிட்ட கண்ணியைச் சந்திக்கும்போதுதான் கோளாறு வருகிறது என்று கடைசியில் பிடித்துவிட்டார் என்பது கதை. ஒரு பொருளைப் பிரித்துப் போடாமல், அது ஓடும்போதே எண்ணிப் பார்த்துக் குற்றத்தைக் கண்டுபிடிப்பது! என் பிரிண்ட் வரிகள் செய்ததும் அதைத்தானே.

போர் முடிந்ததும் கணினியைக் காகிதத்திலிருந்து உலோகத்துக்குக் கொண்டுவரும் வேலை. லண்டனை அடுத்த தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் 1945-இல் சேர்ந்து, ஏஸ் என்ற கணினிக்கு விரிவான திட்டம் எழுதினார். வேலை ஆமை வேகத்தில் நகர்ந்தது. சலிப்பைப் போக்க ஓடினார் போலிருக்கிறது: 1947-இல் மாரத்தான் ஓட்டத்தை 2 மணி 46 நிமிடத்தில் முடித்தார். 1948-இல் ஆய்வகத்தை விட்டு மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே அந்த ஆண்டு ஜூன் 21-இல்தான், தன் நினைவகத்திலேயே நிரலை வைத்திருக்கும் மின்னணுக் கணினி ஒன்று உலகில் முதல் முறையாக ஒரு நிரலை ஓட்டி முடித்திருந்தது.

கணினி வந்த கையோடு பிழையும் வந்தது. கேம்பிரிட்ஜில் எட்சாக் என்ற கணினி 1949 மே மாதம் ஓடத் தொடங்கியது. அதைக் கட்டிய மாரிஸ் வில்க்ஸின் குழுவினர் அந்தக் காலத்தில் எழுதிய ஒரு நிரலின் காகித நாடா பல ஆண்டுகள் கழித்துக் கிடைத்தது. 126 வரிகள் கொண்ட அந்த நிரலில் ஏறக்குறைய 20 தவறுகள் இருந்தன. முதல் தடவையே சரியாக எழுதிவிடலாம் என்று நினைத்திருந்த மேதைகளுக்கு அது பெரிய அதிர்ச்சி. இரவு ஒரு மணிக்கு நான் பட்ட பாட்டை நினைக்கும்போது, இந்த எண்ணிக்கை எனக்குப் பெரிய ஆறுதல்.

1949 ஜூன் மாதம் கேம்பிரிட்ஜில் கணினி மாநாடு ஒன்று நடந்தது. 24-ஆம் தேதி டூரிங் பேசினார். பெரிய நிரல் ஒன்றைச் சரிபார்ப்பது எப்படி என்பது தலைப்பு. பேச்சின் தொடக்கத்தில் அவர் எடுத்துக்கொண்ட உதாரணம், தமிழ்ப்பள்ளி இரண்டாம் ஆண்டு மாணவனுக்கும் புரியும். பல பெரிய எண்களைக் கூட்டி விடையை மட்டும் எழுதியிருந்தால், சரிபார்ப்பவர் முழுக் கணக்கையும் மறுபடி போட வேண்டும். ஒவ்வொரு பத்தியின் கூட்டுத்தொகையையும், அடுத்த பத்திக்குக் கொண்டு போன மீதியையும் எழுதி வைத்திருந்தால், ஒவ்வொரு பத்தியையும் தனித்தனியாகச் சரிபார்த்துவிடலாம். ஒருவரே எல்லாவற்றையும் பார்க்க வேண்டியதில்லை. பத்துப் பேர் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

நிரலுக்கும் அதையே செய்யுங்கள் என்றார். நிரலை எழுதுபவர், அதன் முக்கியமான இடங்களில் ஒரு கூற்றை எழுதி வைக்க வேண்டும். நிரல் இந்த இடத்துக்கு வரும்போது இந்தப் பெட்டியில் இந்த மதிப்புதான் இருக்கும், அந்தப் பெட்டியில் அந்த மதிப்புதான் இருக்கும் என்று உறுதியாகச் சொல்லிவிட வேண்டும். சரிபார்ப்பவர் ஒரு கூற்றிலிருந்து அடுத்த கூற்றுக்குப் போகும் சில வரிகளை மட்டும் பார்த்தால் போதும். அவர் எடுத்துக் காட்டிய நிரல், ஃபேக்டோரியல் கணக்கு. 5-இன் ஃபேக்டோரியல் 5 × 4 × 3 × 2 × 1, அதாவது 120. ஆனால் பெருக்கல் கட்டளையே இல்லாமல், திரும்பத் திரும்பக் கூட்டியே அதைக் கண்டுபிடிக்கும் நிரல் அது. ஒரு சுழற்சிக்குள் இன்னொரு சுழற்சி. அந்த நிரல் கட்டாயம் நின்றுவிடும் என்பதையும் அவர் காட்டினார். ஒவ்வொரு அடியிலும் கட்டாயம் குறைந்துகொண்டே வரும் ஓர் எண்ணைக் கண்டுபிடியுங்கள். பூச்சியத்துக்குக் கீழே போக முடியாத எண் ஒன்று ஓயாமல் குறைந்துகொண்டே வந்தால், நிரல் எப்படி முடிவில்லாமல் ஓட முடியும்?

என் இடுபணியில் நடந்தது இதற்கு நேர் எதிரானது. அடிக்கு அடி மாற வேண்டிய எண்ணி மாறவே இல்லை. சுழற்சிக்குப் பக்கத்தில் டூரிங் சொன்ன மாதிரி ஒரு வரி எழுதியிருந்தால், லோரிச் சத்தம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

அந்தப் பேச்சை எத்தனை பேர் புரிந்துகொண்டார்கள் என்பது சந்தேகம்தான். கரும்பலகையில் கூட்டல் கணக்கை எழுதும்போது டூரிங் எண்களைத் தலைகீழாக, ஒன்றாம் இலக்கத்தை இடது பக்கம் வைத்து எழுதினார். மான்செஸ்டர் கணினியில் எண்கள் அப்படித்தான் இருக்கும். அவருக்கு அது பழகிவிட்டது. கூட்டத்தில் இருந்தவர்களுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. போதாக்குறைக்கு, அச்சான மாநாட்டு அறிக்கையில் அவருடைய பகுதியில் எழுத்துப் பிழைகள் மலிந்திருந்தன. பிழையைச் சரிபார்ப்பது பற்றிய கட்டுரை, பிழைகளாலேயே படிக்க முடியாமல் போனது. அது அப்படியே தூங்கிவிட்டது.

மான்செஸ்டரில் அவர் கையில் இருந்த கணினிக்கு வருவோம். நினைவகத்தில் உள்ளவை அதனுடைய கண்காணிப்புத் திரையில் ஒளிப் புள்ளிகளாகத் தெரியும். இன்றைய பொறியாளருக்குக்கூட அந்த வசதி கிடையாது! 1950 ஜூனில் ஒரு மாலை மூன்று மணி முதல் மறுநாள் காலை எட்டு மணி வரை அந்தக் கணினி வழக்கத்துக்கு மாறாகப் பழுதில்லாமல் ஓடியது. அந்த ஓர் இரவைப் பயன்படுத்தி, ரீமான் கருதுகோள் என்ற புகழ்பெற்ற கணிதப் புதிரை அவர் சோதித்துப் பார்த்தார். அடிக்கடி பழுதாகும் இயந்திரம் கொடுக்கும் விடையை எப்படி நம்புவது? அதையும் யோசித்து, ஏதாவது விடுபட்டிருந்தால் காட்டிக்கொடுக்கும் ஒரு சரிபார்ப்பு முறையைக் கணிதமாகவே கண்டுபிடித்தார். அது இன்றும் அவர் பெயரால் பயன்பாட்டில் இருக்கிறது.

1951-இல் ஃபெராண்டி நிறுவனம் கட்டிய புதிய கணினி பல்கலைக்கழகத்துக்கு வந்தது. அதை இயக்குவோருக்கான கையேட்டை எழுதியவர் டூரிங். அந்தக் கணினியில் ஓர் ஒலிபெருக்கி இருந்தது; ஹூட்டர் என்று பெயர். அதற்கென்று ஒரு கட்டளையும் உண்டு. நிரலின் நடுவே அந்தக் கட்டளையை வைத்தால், கணினி அந்த இடத்துக்கு வரும்போது ஒரு சின்னத் தட்டல் சத்தம் கேட்கும். ஒரு தட்டல் காதில் விழுவதே கஷ்டம். சுழற்சிக்குள் வைத்துத் திரும்பத் திரும்பத் தட்டவிட்டால், அது ஒரு சுரமாக ஒலிக்கும். வேலை முடிந்துவிட்டது, எண் பெட்டிக்குள் அடங்கவில்லை, காந்த உருளையிலிருந்து தகவல் சரியாக வரவில்லை என்று பலவற்றையும் கணினி இப்படிக் குரல் கொடுத்துச் சொல்லும். நிரலுக்குள் அளவி வைப்பது என்று இன்று நாம் சொல்வதன் மூதாதை இது. நாம் திரையில் படிக்கிறோம். அவர்கள் காதால் கேட்டார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

லண்டனை அடுத்த ஹாரோ பள்ளியில் ஆசிரியராக இருந்த கிறிஸ்டோஃபர் ஸ்ட்ரேச்சி, டூரிங்கிடமிருந்து கையேட்டை வாங்கிப் படித்துவிட்டு அந்த ஆண்டு மான்செஸ்டருக்கு வந்தார். டூரிங் அவருக்கு ஒரு யோசனை சொன்னார்: கணினி தன்னையே நடித்துக் காட்டும்படி ஒரு நிரல் எழுதிப் பாருங்கள். சரிபார்க்க வேண்டிய நிரலை அது கட்டளை கட்டளையாக எடுத்து, தானே செய்து காட்டி, என்ன நடந்தது என்பதையும் சொல்லிக்கொண்டு போக வேண்டும். கேம்பிரிட்ஜில் ஸ்டான்லி கில் இதே போன்ற தடம் பிடிக்கும் நிரல்களை எழுதிக்கொண்டிருந்தார். 1951-இல் அதைப் பற்றிய கட்டுரையையும் வெளியிட்டார். ஆனால் இந்த யோசனையின் வேர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இன்னோர் இயந்திரத்தின் வர்ணனையைப் படித்து அப்படியே நடித்துக் காட்டும் இயந்திரம், 1936-இன் பொது இயந்திரம்தான். நிற்குமா நிற்காதா என்று முன்கூட்டியே சொல்லும் நடுவர் இல்லை என்ற முடிவும், அடி அடியாக நடித்துப் பார்க்கலாம் என்ற வழியும் ஒரே கட்டுரைக்குள் இருந்திருக்கின்றன. இன்று நினைவகப் பிழைகளைத் தேட நாங்கள் பயன்படுத்தும் வால்கிரைண்ட் போன்ற கருவிகளும், பழைய விளையாட்டுகளைக் கைப்பேசியில் ஓட்டும் எமுலேட்டர்களும் அதே வம்சம்.

ஸ்ட்ரேச்சி திரும்பி வந்தபோது அவர் கையில் இருந்த நிரலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டளைகள். மான்செஸ்டரில் அதுவரை யாரும் அவ்வளவு பெரிய நிரலை எழுதியிருக்கவில்லை. ஓர் இரவு முழுவதும் உட்கார்ந்து அதைச் சரிசெய்தார். நிரல் வேலையை முடித்ததும், ஹூட்டர் வழியாக பிரிட்டிஷ் தேசிய கீதத்தை வாசித்தது! எச்சரிக்கைக்காக வைத்த கருவியில் இசை. அதே ஆண்டு பிபிசி வந்து அந்தக் கணினி வாசித்த பாடல்களைப் பதிவு செய்தது. பாதுகாக்கப்பட்டுள்ள கணினி இசையில் மிகப் பழையது அதுதான். 2016-இல் ஆய்வாளர்கள் அதைச் சுத்தம் செய்து, அது முதலில் ஒலித்தபடியே மீட்டெடுத்தார்கள்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அளவி வைப்பதற்கும் விலை உண்டு. ஹூட்டர் கட்டளையும் கட்டளைதான். அதற்கும் நேரம் பிடிக்கும். நான் பிரிண்ட் வரிகளைச் செருகியதும் என் நிரல் இன்னும் மெதுவானது. சில பிழைகள் இன்னும் மோசம்: கண்காணிப்பு வரியைச் சேர்த்ததும் மறைந்துவிடும், எடுத்ததும் திரும்பி வரும். ஆசிரியர் பார்க்கும்போது மட்டும் ஒழுங்காக உட்காரும் மாணவன் மாதிரி.

டூரிங்கின் கதையின் கடைசிப் பகுதியை எழுதுவது எளிதல்ல. 1951-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆனார். வரிக்குதிரைக்குக் கோடுகளும் சிறுத்தைக்குப் புள்ளிகளும் எப்படி உருவாகின்றன என்று வேதியியல் சமன்பாடுகளால் விளக்கும் கட்டுரையை 1952-இல் வெளியிட்டார். அதே ஆண்டு ஜனவரியில் அவர் வீட்டில் திருட்டு நடந்தது. போலீஸ் விசாரணையில், தமக்கு இன்னோர் ஆணுடன் உறவு இருந்ததை அவர் மறைக்கவில்லை. அன்றைய பிரிட்டிஷ் சட்டப்படி அது குற்றம். திருட்டுக் கொடுத்தவரே குற்றவாளிக் கூண்டில் ஏறினார். சிறைக்குப் போகாமலிருக்க, ஓராண்டுக்கு ஹார்மோன் மருந்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையை ஏற்றார். போர்க்காலத்தில் நாட்டின் மிகப் பெரிய ரகசியத்தைக் காத்தவருக்கு, ரகசியப் பணிகளைப் பார்க்கும் அனுமதி பறிக்கப்பட்டது.

1954 ஜூன் 7-இல் அவர் இறந்தார். 42 வயது நிரம்ப 16 நாள்கள் இருந்தன. காரணம் சயனைடு நஞ்சு. படுக்கை அருகே பாதி கடித்த ஆப்பிள் ஒன்று கிடந்தது. அதை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. தற்கொலை என்பது விசாரணை அதிகாரியின் முடிவு. அம்மா எதெல் அதை ஏற்கவே இல்லை. வீட்டில் வேதியியல் சோதனைகள் செய்யும் பழக்கம் உள்ள மகன், கையைச் சரியாகக் கழுவாமல் போன விபத்து அது என்று கடைசி வரை நம்பினார். அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது 2009-இல். அரச மன்னிப்பு 2013-இல். 2021-இல் அவர் படம் 50 பவுண்டு நோட்டில் வந்தது.

அவருடைய முதல் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர், போத்தனூரில் பிறந்த அந்த அம்மாதான். 1959-இல் வெளிவந்த அந்தப் புத்தகத்தில், மகன் போர்க்காலத்தில் என்ன செய்தார் என்பது ஏறக்குறைய இல்லை. அது இன்னும் அரசாங்க ரகசியமாகவே இருந்தது. எதெல் 1976-இல், தம் 94-ஆம் வயதில் இறந்தார்.

1949-இன் பேச்சு என்னவானது? 1967-இல் அமெரிக்காவில் ராபர்ட் ஃபிளாய்டும், 1969-இல் டோனி ஹோரும், நிரலின் இடங்களில் கூற்றுகளை எழுதி அதைச் சரி என்று நிரூபிக்கும் முறையை விரிவாக வெளியிட்டார்கள். ஹோர் பிறந்தது கொழும்பில். பல்கலைக்கழகத்தில் நாங்கள் படிப்பது அவர்கள் இருவருடைய பெயரில்தான். 1984-இல் இரண்டு ஆய்வாளர்கள் அந்தப் பழைய மாநாட்டு அறிக்கையைத் தூசு தட்டி, அச்சுப் பிழைகளையெல்லாம் திருத்தி மறுபடி வெளியிட்டபோதுதான், இதில் பெரும்பகுதியை டூரிங் 1949-லேயே சொல்லிவிட்டார் என்று பலருக்குத் தெரிந்தது. அவர் அந்தக் கூற்றுகளை இன்னொரு மனிதர் காகிதத்தில் சரிபார்ப்பதற்காகச் சொன்னார். இன்று பைத்தான், சி, ஜாவா எல்லாவற்றிலும் அசெர்ட் என்ற கட்டளை இருக்கிறது. கூற்றை எழுதி வைத்தால் போதும். நிரல் ஓடும்போதே கணினி அதைச் சோதித்து, பொய்யானால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடும்.

என் இடுபணியில், அந்தச் சுழற்சிக்குள் இப்போது ஓர் அசெர்ட் வரி இருக்கிறது. மீதமுள்ள எண்களின் எண்ணிக்கை முந்திய சுற்றைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. புள்ளிகள் கிடைத்த பிறகும் நான் அதை நீக்கவில்லை. போன வாரம் அதே நிரலுக்கு வேறொரு கோப்பைக் கொடுத்தேன். இரண்டே வினாடியில் நிரல் நின்று, எந்த வரியில் கூற்று பொய்யானது என்று காட்டியது. போய்ப் பார்த்தால், கோப்பின் நடுவே ஒரு வரி காலியாக இருந்தது.